ஏறிப் பார்த்தீர்களா?

பனிச்சறுக்குப் பலகையை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஒரே பலகையில் இரண்டு கால்களையும் மாட்டிக்கொண்டு வழுக்கி இறங்குவார்கள். இறங்குவது சரி, ஏறுவது? லிஃப்ட் உள்ள இடத்தில் கவலையில்லை. லிஃப்ட் இல்லாத மலைக்கென்றே வந்தது ஸ்ப்ளிட்போர்டு. நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்த பலகை. காலுக்கு ஒரு பாதி. அடியில் 'ஸ்கின்' என்கிற ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டால் மேலே நடக்கலாம். பூனை முதுகைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடுக்கும். அதே சங்கதிதான். உச்சியில் பட்டையை உரித்து, பாதிகளைச் சேர்த்துக் கொக்கி மாட்டினால் மறுபடி ஒரே பலகை. 1990-களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வோலே என்ற கம்பெனி, இருக்கிற பலகையை நீங்களே ரம்பத்தால் அறுத்து மாற்றிக்கொள்ள உதிரிபாகங்கள் விற்றது.

இப்போது 'பெண்களுக்கான' ஸ்ப்ளிட்போர்டுகள் தனியாக வருகின்றன. அவற்றைச் சோதித்து எழுதுகிறவர்கள்மேல் எனக்கு ஒரு புகார். பனித்தூளில் மிதந்தது, திருப்பத்தில் துள்ளியது என்று இறக்கத்தைப் பற்றியே எழுதித் தள்ளுகிறார்கள். மூன்று மணி நேரம் ஏறினால் இறங்குவது கால் மணி நேரம். கல்யாண விருந்தில் பீடாவை மட்டும் மென்றுவிட்டு சமையலுக்கு மார்க் போடலாமா?

ஏற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது. பெண்களுக்கான பலகையின் நடுப்பகுதி சுமார் 24 செ.மீ. அகலம். ஆண்களுடையது பெரும்பாலும் 25-ஐத் தாண்டும். இறுகிய பனிச்சரிவில் குறுக்கே நடக்கும்போது, சிறிய பூட்ஸுக்கு அகலமான பாதி கணுக்காலைத் திருகிவிடும். ஒடுக்கமானது விளிம்பைக் கவ்வி நிற்கும். இறக்கத்தில் தடுமாறினால் பெரும்பாலும் விழுந்து எழுந்துவிடலாம். கீழே பாறை தெரிகிற சரிவில் விளிம்பு நழுவினால் கதை வேறு. ஆகவே இந்த ஒடுக்கத்துக்கு அர்த்தம் உண்டு.

அடுத்த மாற்றத்தில்தான் எனக்குச் சந்தேகம். பெண்கள் எடை குறைவு என்று பலகையையும் பல சமயம் நெகிழ்வாகச் செய்துவிடுகிறார்கள். 55 கிலோ பெண் மலைக்கு வெறுங்கையோடு போவதில்லை. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட ஒரு கருவி, தோண்ட மண்வெட்டி, குத்திப் பார்க்க நீளக் கம்பி, தண்ணீர், சாப்பாடு, ஸ்வெட்டர் என்று முதுகில் பத்து கிலோ. பலகைக்கு அவர் 65 கிலோ. தூள்பனியில் சுகமாக இருந்த பலகை, உறைந்த சரிவில் அந்தச் சுமையோடு நடுங்க ஆரம்பிக்கும். எடை அட்டவணையைப் பார்க்கும்போது பையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, உச்சிக் காற்றில், கையுறையைக் கழற்றாமல், பனி அடைத்த கொக்கியை மாட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? கடையில் மாட்டிப் பார்த்தால் இது தெரியாது.

ஆகவே, 'பெண்களுக்காகவே' என்று எங்காவது படித்தால் கேளுங்கள்: சோதித்தவர் எத்தனை கிலோ? பூட்ஸ் என்ன சைஸ்? பையோடா, பையில்லாமலா? ஏறிப் பார்த்தாரா? பதில் இல்லையென்றால், நீங்கள் படித்தது விளம்பரம்.