சேதன இரசாயனமும் உயிரிரசாயனமும்: ஒரு பாடநெறித் திறனாய்வு

சேதனம், அசேதனம் என்னும் சொற்கள் சித்தாந்த நூல் பயின்றார்க்குப் புதியன அல்ல. அறிவுள்ள பொருளையும் அறிவில்லாத பொருளையும் வேறுபடுத்த வழங்கிய அச்சொற்களையே ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் இரசாயனத்தின் இரு பெரும் பிரிவுகளுக்கும் பெயராகக் கொண்டன. மேனாட்டார் இட்ட பெயரும் இத்தகையதே. உயிருள்ள உறுப்புகளில் மாத்திரமே தோன்றக்கூடிய பொருள்கள் சில உண்டென அவர்கள் ஒரு காலத்திற் கருதினர். 1828 இல் வூலர் அமோனியம் சயனேற்றிலிருந்து யூரியாவைப் பெற்றார். அவ்வொரு சோதனையால் உயிர்விசைக் கொள்கை அன்றே மடிந்ததெனப் பாடநூல்களின் முதற்பக்கங்கள் கூறுவது மிகைபடக் கூறலாகும். அக்கொள்கை பல்லாண்டுகளாக மெலிந்து மெலிந்தே மறைந்தது. கொள்கை மறைந்தும் பெயர் நின்றது.

பெயருக்கும் பாடத்துக்கும் இன்று உள்ள உறவு வியப்புக்குரியது. பல்கலைக்கழகங்களின் முதல் ஈராண்டுகளிற் சேதன இரசாயனம் பெரும்பாலும் உயிரை மறந்து கற்பிக்கப்படுகின்றது. அதனை அடுத்து வரும் உயிரிரசாயனமோ இரசாயனத்தை மறந்து கற்பிக்கப்படுகின்றது. மருத்துவம், விவசாயம், உயிரியல் விஞ்ஞானம் ஆகிய துறைகளை நாடும் மாணாக்கர் இவ்விரு மறதிகளுக்கும் இடையில் அகப்பட்டு, ஒரே பொருளை இரு முறை மனனஞ் செய்கின்றனர். இரு முறையும் மறந்துவிடுகின்றனர் என்பதையும் சேர்த்துக் கூறுதல் தகும்.

இப்பாடநெறியின் வடிவம் பற்றிப் பேசப் புகுவோர் மொரிசனும் பொயிடும் எழுதிய நூலைக் கடந்து செல்லுதல் இயலாது. நியூயோர்க் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களாகிய இவ்விருவரும் 1959 இல் வெளியிட்ட அந்நூல், பல நாடுகளின் பல தலைமுறை மாணாக்கருக்குச் சேதன இரசாயனமாகவே விளங்கிற்று. அதன் பெருமை யாதெனின், தாக்கங்களைப் பட்டியலாக அடுக்காது, ஒவ்வொன்றும் எவ்வாறு நிகழ்கின்றது என்னும் பொறிமுறையை முன்னிறுத்தியமையே. இலத்திரன் எங்கிருந்து புறப்பட்டு எங்கே செல்கின்றது என்பதை அறிந்தவனுக்கு நூறு தாக்கங்கள் பத்தாகச் சுருங்கும். நடையும் தெளிவானது, மாணாக்கனுடன் பொறுமையாக உரையாடுவது.

எனினும் அந்நூலின் ஒழுங்கு குறையற்றதன்று. அது மெதேனிலிருந்து தொடங்குகின்றது. மெதேனுடன் குளோரீன் தாக்கமுறும் முறையை அழகாக விளக்கியபின் அற்கேன், அற்கீன் எனப் படிப்படியாக ஏறுகின்றது. காபனைல் கூட்டமோ நெடுந்தொலைவு கடந்த பின்னரே வருகின்றது. காபோவைதரேற்று, புரதம் ஆகியன நூலின் இறுதிப் பகுதிக்குத் தள்ளப்பட்டன. தவணை முடியும் நாளில் எந்த ஆசிரியரும் இறுதி அதிகாரங்களை ஓட்டமாகவே கடப்பர் என்பது கல்லூரிகளை அறிந்தோர் அறிவர். உயிர்க்கலத்தில் நிகழும் தாக்கங்களுட் பெரும்பாலானவை காபனைல் கூட்டத்தையே சார்ந்தவை. மெதேனுடன் குளோரீன் தாக்கமுறுவது எவ்வுயிரிலும் இல்லை. 2001 இல் ஒட்சுபோட்டிலிருந்து வந்த கிளேடன் முதலியோரின் நூல் காபனைல் கூட்டத்தை ஆறாம் அதிகாரத்திலேயே எடுத்துக்கொண்டது. இது பக்க ஒழுங்கு பற்றிய சிறு மாற்றமாகத் தோன்றலாம். உண்மையில் எது முதன்மையானது என்னும் தீர்ப்பு அதனுள் அடங்கியுள்ளது.

இனி, உயிரிரசாயன வகுப்பிலே கிளைக்கோப்பகுப்பு கற்பிக்கப்படும் முறையை நோக்குவோம். பத்துப் படிகள், பத்து நொதியங்கள், பத்துப் பெயர்கள். பரீட்சையிலே அவற்றை வரிசை பிறழாது எழுதியவர் வல்லவர் எனப்படுவர். குளுக்கோசுப் பொசுபேற்று ஏன் முதலிற் பிரக்ரோசுப் பொசுபேற்றாக மாறவேண்டும் என்று வினவுவார் அரியர். வினவினால் அன்றோ அதன் அழகு புலப்படும்? குளுக்கோசில் காபனைல் முதலாம் காபனில் உள்ளது. அல்டோல் தாக்கத்தை மறுதலையாக நிகழ்த்தினால் காபனைலுக்கு அடுத்த காபனுக்கும் அதற்கடுத்த காபனுக்கும் இடையேயுள்ள பிணைப்பே அறும். ஆகவே குளுக்கோசு அந்நிலையிற் பிளந்தால் இரண்டும் நான்குமாகப் பிரியும். காபனைலை இரண்டாம் காபனுக்கு நகர்த்திவிட்டாற் பிளவு மூன்றாம் நான்காம் காபன்களுக்கு இடையில் விழும். மூன்றும் மூன்றுமாகச் சரிபாதியாகும். அவ்விரு பாதிகளும் ஒன்றாக மாறத்தக்கவை. ஆதலின் அதன்பின் ஒரே பாதை இரண்டுக்கும் போதுமாகின்றது.

அல்டோல் தாக்கத்தை 1872 இல் வூர்ட்சும், இசைவாணராகவும் புகழ்பெற்ற உருசிய நாட்டுப் பொரொடினும் தனித்தனியே அறிவித்தனர். அதனை முதலாண்டிலே கற்ற மாணாக்கர், இரண்டாமாண்டில் அல்டொலேசு என்னும் நொதியத்தைக் காணும்போது அப்பெயரிலேயே தம் பழைய நண்பர் ஒளிந்திருப்பதை உணர்வதில்லை. உணர்த்துவாரும் பெரும்பாலும் இல்லை.

சித்திரிக்கமில வட்டம் இன்னும் சிறந்த சான்று. 1937 இல் கிரெப்சு இவ்வட்டத்தை எடுத்துரைத்தார். 'நேச்சர்' இதழ் அவருடைய கடிதத்தை ஏற்காமையால் அது வேறோர் இதழில் வெளிவந்தது. 1953 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. வகுப்புகளில் இக்கதை சுவையாகச் சொல்லப்படுகின்றது. ஆனாற் சித்திரிக்கமிலம் ஏன் ஐசோசித்திரிக்கமிலமாக மாறுகின்றது என்பது சொல்லப்படுவதில்லை. சித்திரிக்கமிலத்தின் ஐதரொட்சில் கூட்டம் புடை அற்ககோலுக்குரியது. அக்காபனில் ஐதரசன் இல்லாமையால் அதனை ஒட்சியேற்றிக் கீற்றோனாக்க இயலாது. நீரை நீக்கி, மீண்டும் வேறு முறையாகச் சேர்த்து, அக்கூட்டத்தை அடுத்த காபனுக்கு நகர்த்தினால் அது வழி அற்ககோலாகும், ஒட்சியேற்றத்துக்கு இணங்கும். அவ்வாறு தோன்றும் கீற்றோன், நடுவிலுள்ள காபொட்சில் கூட்டத்துக்கு ஒரு காபன் இடைவிட்டு அமைகின்றது. இத்தகைய அமைப்புடைய அமிலம் காபனீரொட்சைட்டை எளிதில் இழக்கும் என்பது அசற்றோஅசற்றிக் எசுத்தர்த் தொகுப்பைக் கற்ற எவரும் அறிந்ததே. முதலாண்டுப் பாடத்தின் மூன்று பக்கங்கள் இவ்விரு படிகளையும் முற்றாக விளக்கிவிடுகின்றன.

இவ்வட்டத்தின் வரலாற்றிலே ஒரு தடுமாற்றமும் உண்டு. 1941 இற் சமதானிக் காபனைக் கொண்டு செய்த சோதனைகளில், சுட்டிய காபன் விளைபொருளின் ஒரு முனையில் மாத்திரமே காணப்பட்டது. சித்திரிக்கமிலம் சமச்சீருடைய மூலக்கூறு. அதன் இரு முனைகளையும் வேறுபடுத்துதல் இயலாது. ஆகவே அது வட்டத்தின் நேர்வழியில் இருத்தல் கூடாது என அறிஞர் முடிவுகட்டினர். 1948 இல் ஒகுசுதன், தான் சமச்சீரற்றதாகிய நொதியம் மூலக்கூறை மூன்று இடங்களிற் பற்றுமாயின் ஒத்த இரு முனைகளையும் வேறாக அறியும் எனக் காட்டினார். திண்ம இரசாயனத்தை வெறும் பெயரிடு விதியாகக் கற்கும் மாணாக்கருக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. அறிஞரையே ஏழாண்டு மயக்கிய வினா என்று சொன்னால் எந்த வகுப்பும் நிமிர்ந்து உட்காரும்.

தயமின் பற்றியும் ஒரு சொல். தீட்டிய அரிசியை மாத்திரம் உண்டாருக்கு பெரிபெரி நோய் வரும் என்பதும், புழுங்கலரிசியில் தயமின் மணியினுள்ளே சென்று தங்குவதால் அது காக்கும் என்பதும் நம்மவர் அறிந்தவை. தயமின் உடலிற் செய்யும் தொழில் யாது? சயனைட்டு பென்சோயின் ஒடுக்கத்திற் செய்யும் அதே தொழிலே எனப் பிரெசுலோ 1958 இற் காட்டினார். கொடிய நஞ்சும் உயிர்காக்கும் விற்றமினும் ஒரே உத்தியைக் கையாளுகின்றன!

இவ்வாறு கற்பிக்கக் காலம் இல்லை என்பர் ஆசிரியர் சிலர். அவர் கூற்றிற் சிறிது நியாயம் உண்டு. இலத்திரனின் போக்கை அறிந்தால் உயிர்க்கலத்தின் முழுவதும் விளங்கிவிடாது; எப்பாதை எப்போது திறக்கும், எப்போது அடைக்கும் என்னும் கட்டுப்பாடு பற்றிப் பொறிமுறை ஒன்றும் கூறாது. பரிசோதனைக் குடுவையில் வலிய மூலங்கொண்டு நடத்தும் தாக்கம் உடல் வெப்பத்தில், ஏறக்குறைய நடுநிலையான கரைசலில், எங்ஙனம் நிகழ்கின்றது என்பதற்கு நொதியத்தின் அமைப்பையே நோக்கல் வேண்டும். பெயர்கள் சிலவற்றை மனனஞ் செய்தலும் தவிர்க்கவொண்ணாதது. ஆயினும் காரணம் கூறக் காலம் இல்லையெனப் பட்டியலை மேலும் நீட்டுவது எவ்வகையில் காலத்தை மிச்சப்படுத்தும் என்பது விளங்கவில்லை.

2022 இல், மொரிசனும் பொயிடும் கற்பித்த அதே பல்கலைக்கழகத்தில், மெயிற்லண்ட் ஜோன்சு என்னும் மூத்த பேராசிரியரின் சேதன இரசாயன வகுப்பு உலகச் செய்தியாயிற்று. ஏறக்குறைய 350 மாணாக்கருள் 82 பேர் முறைப்பாட்டில் ஒப்பமிட்டனர். பெற்ற புள்ளிகள் தம் உழைப்பைக் காட்டவில்லை என்பது அவர்தம் குறைகளுள் ஒன்று. அவரை நீக்குமாறு அவர்கள் கேட்கவில்லையெனினும் பல்கலைக்கழகம் அவருடைய நியமனத்தை முடித்துக்கொண்டது. எழுந்த விவாதம் பெரும்பாலும் பாடம் கடினமா, மாணாக்கர் சோம்பரா என்பதைச் சுற்றியே சுழன்றது. மருத்துவம் பயில விரும்பும் ஒருவருக்கு இப்பாடம் வாயிற்காவலனாக மட்டும் தோன்றும் வரையில் அவ்விவாதம் ஓயப்போவதில்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சை 2015 இல் உயிரிரசாயனத்துக்குப் பெரிய இடம் கொடுத்தது. எனினும் வினாத்தாளிற் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்த மாத்திரத்தில் இரு பாடங்களும் உறவாகிவிடா.

நம் நாட்டிலே இக்குறை வேறொரு காரணத்தாற் கூடுதலாக உறுத்துகின்றது. உயர்தரம் வரையில் தமிழிற் கற்ற மாணாக்கர் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திற் கற்கின்றனர். மனனஞ் செய்த பெயர்கள் யாவும் ஒரே நாளிற் பயனற்றுப்போகின்றன. ஒட்சியேற்றம் என்ற சொல் மாறும். புடை அற்ககோல் என்ற சொல்லும் மாறும். இலத்திரன் செல்லும் வழியைக் காட்டும் வளைந்த அம்புக்குறி மாறுவதில்லை. அதனைக் கைக்கொண்டு செல்பவர் புதிய மொழியிற் சொற்களை மாத்திரமே தேடவேண்டியிருக்கும், பாடத்தைத் தேடவேண்டியதில்லை.

மக்மரியும் பெக்லியும் 2005 இல் எழுதிய நூலொன்று உயிர்க்கலத்தின் பாதைகளை முழுவதும் சேதன இரசாயனமாகவே விளக்குகின்றது. அத்தகைய நூலைப் பல்கலைக்கழக மாணாக்கர் கையில் முதலாண்டு முடிவிலேயே கொடுக்கலாம். உயர்தர வகுப்பிலோ நூல் மாற்றமும் வேண்டா. காபனைல் தாக்கங்களை இரசாயன ஆசிரியரும் கிரெப்சு வட்டத்தை உயிரியல் ஆசிரியரும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த பாடவேளைகளிற் கற்பிக்கின்றனர். சித்திரிக்கமிலத்தின் கட்டமைப்பை மாத்திரம் கரும்பலகையில் வரைந்து, "இதிலுள்ள அற்ககோலை ஒட்சியேற்ற இயலுமா? இயலாதெனின் உயிர்க்கலம் யாது செய்யும்?" என்னும் வினாவை இருவரும் ஒரே வாரத்திற் கேட்டுப்பார்க்கலாம்.