ஊர்வலப் படங்களும் ஊர் நினைவும்

பழைய புகைப்படம் ஒன்றைக் காண்போர் உள்ளத்தில் முதலில் எழுவது ஆராய்ச்சியன்று, ஏக்கமே. 'அந்தக் காலம்' என்ற சொல் ஒன்றே போதும், படத்தில் உள்ளவை யாவும் அழகு பெற்றுவிடுகின்றன. ஊர்வலப் படங்களில் இவ்வேக்கம் இன்னும் மிகும். கொடிகளும் மேளங்களும் அலங்கார வண்டிகளும், தெருவோரத்தில் கழுத்தை நீட்டி நிற்கும் சிறுவரும் ஒரே சட்டத்துள் அடங்கிவிடுவதால், போன காலம் முழுவதுமே ஒரு திருவிழாவாக இருந்தது போன்ற மயக்கம் உண்டாகிறது. இம்மயக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு இத்தகைய படங்களை மதிப்பிடுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. ஜொகூர் பாரு நகரின் சிங்கே ஊர்வலத்தைக் காட்டும் பழம்படங்கள் அதற்கு ஏற்ற உரைகல்லாகும்.

அப்படங்களை அணுகுமுன், அவற்றோடு ஒப்பிடத்தக்க மற்றோர் இனத்தை அறிந்துகொள்வது நலம். கேளிக்கைப் பூங்காக்களின் அணிவகுப்பைக் காட்டும் பழைய படங்களைத் திரட்டிப் போற்றுவோர் இன்று பல நாடுகளில் உளர். அவற்றுள் பெயர் பெற்றவை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1955 ஜூலை 17ஆம் நாள் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் படங்கள். அப்பூங்காவின் பிரதான வீதி, ஏறக்குறைய 1900ஆம் ஆண்டளவில் இருந்த அமெரிக்கச் சிற்றூர்த் தெருவின் சாயலில் அமைக்கப்பட்டது. கட்டடங்களின் மேல்மாடிகள் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டப்பட்டன. அதனால் அவை உள்ளதைவிட உயரமாகத் தோற்றமளிக்கும். வால்ட் டிஸ்னியின் இளமைக்கால நினைவே செங்கல்லும் மரமுமாக எழுந்து நின்றது எனலாம். எனவே 1955இல் அவ்வீதியில் நடந்த அணிவகுப்பைப் படமெடுத்தவர் ஏற்கெனவே ஓர் ஏக்கத்தைத்தான் படமெடுத்தார். இன்று அப்படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர் ஏக்கத்துக்காக ஏங்குகிறார்.

அப்படங்களில் கவனிக்கத்தக்க இயல்பு மற்றொன்றும் உண்டு. பின்னணியிலுள்ள வீதி பெரிதும் மாறுவதில்லை. முன்னே செல்லும் அணிவகுப்புத்தான் மாறிக்கொண்டிருக்கும். 1972 ஜூன் 17இல் தொடங்கப்பெற்ற மின்விளக்கு அணிவகுப்பு புகழ் மிக்கதாயினும், அதுவும் நிறுத்தப்பட்டது, மீண்டும் கொண்டுவரப்பட்டது, வேறு பூங்காவுக்கும் அனுப்பப்பட்டது. காண்போர் வருகையே அதன் வாழ்நாளை வரையறுத்தது. ஆகவே அங்கே ஏக்கத்துக்கு இடமுண்டு. ரசிகர் இழந்தது உண்மையிலேயே அந்த அணிவகுப்பைத்தான்.

ஜொகூர் பாருவின் நிலை இதற்கு நேர்மாறானது. ஜாலான் திருஸ் தெருவிலுள்ள பழைய சீனக் கோயிலில் 1870ஆம் ஆண்டைக் குறிக்கும் பெயர்ப்பலகை உள்ளது. கம்பீர், மிளகுத் தோட்டங்களை நாடி ஜொகூருக்கு வந்த சீன மக்களுள் தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனியர், ஹைனானியர் ஆகிய ஐந்து மொழிக் குழுவினரும் தத்தம் தெய்வத்தை இவ்வொரே கோயிலில் வைத்து வழிபடுகின்றனர். வேறிடங்களில் தனித்தனிக் கோயில் கொண்ட குழுக்கள் இங்கு ஒரு கூரையின்கீழ் நிற்பதே இக்கோயிலின் தனிச்சிறப்பு. சீன ஆண்டின் முதல் திங்களில் 18ஆம் நாள் முதல் 22ஆம் நாள் வரை இவ்விழா நடைபெறும். விளக்கேற்றுதல், தெருவைத் தூய்மை செய்தல், தெய்வங்கள் கோயிலினின்று புறப்படுதல், இரவு ஊர்வலம், கோயில் திரும்புதல் என ஐந்து நாளுக்கும் ஐந்து கடமைகள். ஊர்வலத்தில் ஹைனானியரின் தெய்வம் முதலிலும் தியோச்சூ மக்களின் தெய்வம் இறுதியிலும் வருவது மரபு.

இனி இதன் பழம்படங்களைப் பார்ப்போர் செய்யும் பிழை யாதெனில், பூங்காப் படத்தைப் பார்க்கும் கண்ணோடு இதனையும் பார்ப்பது. 'மறைந்துபோன பொற்காலம்' என்று தலைப்பிட்டு இப்படங்களை வெளியிடுவோர் உளர். மறைந்தது எது? பல்லக்குகள் இன்றும் எழுகின்றன. அவற்றைச் சுமப்போர் இன்றும் அவற்றை முன்னும் பின்னுமாக அசைத்து ஆட்டுகின்றனர். மலேசிய அரசும் 2012இல் இவ்விழாவைத் தேசிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. மறைந்தவை ஊர்வலத்தைச் சூழ்ந்திருந்தவையே: தெரு, கடை, வண்டி, விளக்குக் கம்பம், ஐந்தடி நடைபாதையில் நின்று பார்த்த மக்கள். பூங்காவில் நடப்பது மாறுகிறது, நிலைக்களம் நிற்கிறது. ஜொகூரில் நிலைக்களம் மாறுகிறது, நடப்பது நிற்கிறது. இவ்வேறுபாட்டை உணராதவர் படத்தின் நடுவைப் பார்த்து ஏங்குவர். உணர்ந்தவரோ அதன் ஓரங்களை வாசிப்பர்.

ஓரங்களை வாசித்தல் எளிய செயலன்று. ஆனால் பயன் பெரிது. ஒரு கடைப்பலகையில் ஜாவி எழுத்து இருப்பதும் இல்லாதிருப்பதும் காலத்துக்குச் சான்று கூறும். மோட்டார் வண்டியின் அமைப்பு சில ஆண்டுகளின் எல்லைக்குள் படத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். பார்வையாளர் கூட்டத்தில் தலைப்பாகை தெரிந்தால் வியப்பதற்கில்லை. ஜாலான் திருஸ் தெருவிலேயே சீக்கியர் குருத்துவாரா உள்ளது. சற்றுத் தொலைவில் 1911இல் தோன்றிய ராஜமாரியம்மன் கோயில் இருக்கிறது. இத்தெருக்களில் நடந்த ஊர்வலம் ஒரு சமூகத்தின் வழிபாடாயினும், அதன் படம் பல சமூகங்களின் ஆவணமாகும். சீனர் விழாப் படம் என்று தமிழர் அதனைத் தள்ளிவிடுவரேல், தம் பாட்டனார் நின்ற இடத்தையே தள்ளியவராவர்.

இப்படங்களை மதிப்பிடுவோர் கருவியின் எல்லையையும் அறிதல் வேண்டும். ஊர்வலத்தின் சிறப்புப் பகுதி இரவில் நடப்பது. 1935இல் வெளிவந்த கோடாக்குரோம் வண்ணச்சுருளின் ஒளியுணர்வு மிகக் குறைவு; 1961இல் வந்த அதன் அடுத்த வகையும் இரவுக்குப் போதுமானதன்று. மின்வெட்டு விளக்கின் துணைகொண்டு எடுத்தாலும், அவ்வொளி சில கெஜ தூரமே எட்டும். ஆகவே அக்கால இரவுப் படம் ஒன்றில் பல்லக்கு மட்டும் பளிச்சிட, சுற்றிலும் இருளாயிருப்பின், கூட்டம் குறைவென்று முடிவு செய்வது தவறு. மக்கள் இருந்தனர், ஒளிதான் அவர்களை அடையவில்லை. கேளிக்கைப் பூங்காவின் மின்விளக்கு அணிவகுப்பை எடுத்த பழம்படங்களில் விளக்குகள் கோடுகளாக இழுபட்டுக் கிடப்பதும் இத்தகையதே. நெடுநேரம் திறந்திருந்த கண்ணாடியின் விளைவை அக்காலத்தின் கனவுத்தன்மை என்று புகழ்வது ரசனையாகாது.

நிறத்தைப் பற்றியும் இதனையே சொல்லவேண்டும். பழைய வண்ணப் படங்களில் பரவி நிற்கும் செம்மையைக் கண்டு பலர் மயங்குகின்றனர். அதே செம்மையைப் புதிய படங்களின்மேல் பூசிப் பழமை காட்டுவதும் இன்று வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது காலத்தின் நிறமன்று, சாயத்தின் நோய். பல வகை வண்ணச்சுருள்களிலும் அச்சுத்தாள்களிலும் இருந்த நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றுக்கு முன்பே மங்கிவிட, எஞ்சியதே அச்செம்மை. இருளில் காத்து வைக்கப்பட்ட கோடாக்குரோம் படங்களோ பல பத்தாண்டுகள் கழித்தும் நிறம் குன்றாதிருக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணிப்பொறியைக் கொண்டு வண்ணம் ஏற்றுவதும் இப்போது பெருகியுள்ளது. கொடியின் நிறமும் உடையின் நிறமும் இன்ன குழுவினர் என்று அறிவிக்கக்கூடிய ஓர் ஊர்வலத்தில், பொறி ஊகித்த நிறம் அழகாயிருக்கலாம், சான்றாகாது. அதனை மூலப்படம் போல வெளியிடுவது வாசகரை ஏமாற்றுவதற்கு ஒப்பாகும்.

இவற்றிலும் பெரிய குறை குறிப்பின்மை. எந்த ஆண்டு, எந்நாள், எத்தெரு, எக்குழு, எடுத்தவர் யார் என்ற ஐந்தும் இல்லாத ஊர்வலப் படம், நாள்காட்டியில் ஒட்டும் படத்துக்கு மேற்பட்டதாகாது. விழாவின் ஐந்து நாளுள் இரவு ஊர்வலமே பெரிதும் காட்டப்பெறுகிறது. தெருவைத் தூய்மை செய்யும் நாளும் தெய்வம் புறப்படும் காலையும் அரிதாகவே இடம்பெறுகின்றன. காட்சியைத் தேடுபவருக்கு ஒரே இரவு போதும். வழிபாட்டை அறிய விரும்புபவருக்கு ஐந்து நாளும் வேண்டும். 2009இல் ஜாலான் இப்ராகிமில் திறக்கப்பட்ட ஜொகூர் பாரு சீனர் மரபு அருங்காட்சியகம் இத்துறையில் நல்ல முயற்சியாகும். ஓர் ஊரின் சமூகமே தன் பழம்பொருள்களைத் திரட்டி வைக்கும்போது, படம் அலங்காரமாகாமல் ஆவணமாகும் வாய்ப்பைப் பெறுகிறது.

ஜொகூர்த் தமிழருக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. கூலாய், குளுவாங், சிகாமட் முதலிய வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாக்களும், தீமிதியும், காவடியும், தேரோட்டமும் நடைபெற்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், வீடமைப்புக்கென நிலம் எடுக்கப்பட்டபோதும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். சில கோயில்கள் அவர்களோடு இடம் மாறின, சில மறைந்தன. சிங்கே ஊர்வலத்தில் நிலைக்களம் மட்டும் மாறிற்று. தோட்டத் திருவிழாக்கள் பலவற்றில் களமும் விழாவும் சேர்ந்தே போயின. அங்கே எஞ்சியிருப்பது குடும்பத் தொகுப்பேட்டில் ஒட்டிய ஒரு படமாகவே இருக்கக்கூடும். அதன் பின்புறத்தில் பெரும்பாலும் எழுத்தில்லை. 'பாட்டி காலத்துத் திருவிழா' என்ற சொல்லோடு அது நின்றுவிடுகிறது. தேரின் வடத்தைப் பிடித்திருப்பவர் யார், எந்தப் பிரிவு லயத்திலிருந்து கரகம் புறப்பட்டது என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர் கண் மூடிய பின் அப்படத்தை வாசிக்க எந்த ஆராய்ச்சியாளராலும் இயலாது.

2012 செப்டம்பர் 15இல் ஜொகூரிலேயே லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. சிங்கே தேசிய மரபாக ஏற்கப்பட்டதும் அவ்வாண்டே. பூங்காவில் இன்று எடுக்கப்படும் படங்களும் ஒருநாள் பழம்படங்களாகும். அவற்றைக் கண்டு ஏங்குவோரும் தோன்றுவர். அதில் குற்றமில்லை. குழந்தைப் பருவத்து மகிழ்ச்சியை நினைப்பதற்கு யாருக்கும் உரிமையுண்டு. ஆனால் பூங்காவின் அணிவகுப்புக்கு அதனை நடத்தும் நிறுவனம் கணக்கு வைத்திருக்கும். கோயில் தெருவின் ஊர்வலத்துக்கும் தோட்டத்துத் தேருக்கும் கணக்கு வைக்கவேண்டியவர் மக்களே. படத்தைக் கண்டு பெருமூச்சு விடுவது ஒரு நொடியில் முடியும். அதன் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் பெயரையும் எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுதும், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் துணையும் போதும். அப்பணியைச் செய்யாத ஏக்கம், எவ்வளவு இனிமையாயினும், நினைவைக் காப்பதாகாது.