சந்தேகக் கோட்டையும் எழுத்தாளனும்: ஜோன் பனியன் பற்றி ஒரு நோக்கு

மத நம்பிக்கை கொண்ட ஒருவர் சமுதாயப் பிரக்ஞையுள்ள இலக்கியம் படைத்தல் கூடுமா என்னும் வினா நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. அண்மையில், உயர்தர வகுப்பிலே எம்மிடம் தமிழ் கற்கும் கிறிஸ்தவ மாணவர் ஒருவர் இதே வினாவை வேறொரு வடிவத்தில் எழுப்பினார். அவர் கவிதை எழுதுபவர். நண்பர்கள் அவர் கவிதைகளைப் பிரசங்கம் என்று தள்ளுகின்றனர்; சபையிலுள்ள பெரியோரோ அரசியல் என்று தள்ளுகின்றனர். “எழுதுவதை விட்டுவிடலாமா, சேர்?” என்று அவர் கேட்டபோது எம்மால் உடனே விடை கூற முடியவில்லை. அந்த விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

மதம் என்றதும் ‘அபின்’ என்னும் ஒரு சொல்லோடு விவாதத்தை முடித்துவிடுவோர் நம்மிற் பலர். 1844இல் அச்சொல்லை வழங்கிய மார்க்ஸ், அதே பந்தியில், மதத்தினுள்ளே உண்மையான துன்பத்தின் வெளிப்பாட்டையும் அத்துன்பத்துக்கு எதிரான மறுப்பையும் ஒருங்கே கண்டார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். துன்பத்தின் குரல் எப்போது உறங்க வைக்கிறது, எப்போது எழுந்து நிற்க வைக்கிறது என்பதே விமர்சகன் ஆராய வேண்டிய விடயம். அதனை ஆராய்வதற்கு ஜோன் பனியனிலும் பொருத்தமான எழுத்தாளர் அரிது.

பனியன் 1628இல் இங்கிலாந்தின் பெட்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்ரோ என்னும் கிராமத்திற் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துத் திருத்துவது தந்தையின் தொழில்; அதுவே மகனின் தொழிலுமாயிற்று. உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையிற் சேவை செய்தார். பல்கலைக்கழக வாசலை மிதியாதவர். மன்னராட்சி மீண்ட 1660ஆம் ஆண்டிலேயே, அரச திருச்சபையின் அனுமதியின்றி ஏழை மக்கட்குப் பிரசங்கித்தார் என்னும் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். முதலில் விதிக்கப்பட்டது மூன்று மாதச் சிறை. இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குறுதி அளித்திருப்பின் வீடு திரும்பியிருக்கலாம். அவர் அளிக்கவில்லை. மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டுகளாயிற்று.

அவ்வாண்டுகளை எளிதாகக் கழித்தார் என்று எண்ணுதல் தவறு. முதல் மனைவியின் பிள்ளைகள் நால்வர். அவர்களில் ஒரு மகளுக்குக் கண்பார்வை இல்லை. குடும்பத்துக்காகச் சிறைக்குள்ளிருந்தவாறே சப்பாத்து நாடாக்களைச் செய்து விற்பித்தார். இரண்டாம் மனைவி எலிசபெத் 1661இல் நீதிபதிகளின் முன் சென்று வாதாடினார். தம் கணவர் ஏழை, பாத்திரம் திருத்துபவர் என்பதனாலேயே நீதி மறுக்கப்படுகிறது என்று நேருக்கு நேர் கூறினார். வர்க்கம் என்னும் சொல்லை அப்பெண் அறிந்திருக்கமாட்டார், பொருளை அறிந்திருந்தார்.

இத்தகைய மனிதருக்கு விசுவாசம் எவ்வகையில் ஊக்கமளித்தது? அது அவருக்கு எப்பொழுதும் ஆறுதலாக இருக்கவில்லை என்பதை முதலிற் கூறவேண்டும். 1666இல் வெளிவந்த தமது ஆன்மிகத் தன்வரலாற்றிலே, தாம் மன்னிப்புக்கு அப்பாற்பட்ட பாவி என்னும் அச்சம் ஆண்டுக்கணக்காகத் தம்மை வாட்டியதை மறைக்காது எழுதுகிறார். ஆயினும் அதே விசுவாசம் இன்னொன்றையும் கற்பித்தது. இறைவன் முன்னிலையிற் பாத்திரம் திருத்துபவனின் ஆன்மாவும் பிரபுவின் ஆன்மாவும் ஒரே பெறுமதியுடையன எனின், பாத்திரம் திருத்துபவனின் அனுபவமும் எழுதத்தக்கதே. கல்வியும் பதவியும் மறுத்த உரிமையை விசுவாசம் அவருக்கு வழங்கிற்று. ஊக்கம் என்று நாம் கருதுவது இதனையே.

அவ்வூக்கத்தின் கனி 1678இல் வெளிவந்த ‘மோட்சப் பிரயாணம்’. அதன் செய்யுள் முன்னுரையிற் பனியன் ஒரு செய்தியைக் கூறுகிறார். கைப்பிரதியை நண்பர்களிடம் காட்டியபோது, அச்சிடுக என்றனர் சிலர். வேண்டாம் என்றனர் சிலர். வேதப் பொருளைக் கதையாகவும் உருவகமாகவும் சொல்வது தகுமா என்பது அவர்தம் ஐயம். பனியன் அச்சிட்டார். எமது மாணவரின் இக்கட்டு முந்நூறாண்டுக்கு மேற்பட்ட பழைமை வாய்ந்தது!

நூலின் சமுதாய நோக்கு ‘மாயச் சந்தை’யில் நன்கு புலனாகும். அங்கே வீடு, நிலம், பதவி, பட்டம், உயிர் யாவும் விலைக்கு வரும். வாங்க மறுத்த யாத்திரிகர் இருவர் கூண்டில் அடைக்கப்படுகின்றனர். ஒருவர் விசாரணை என்னும் பெயரிற் கொல்லப்படுகிறார். அந்நீதிமன்றத்தைத் தீட்டியவர் நீதிமன்றத்தை உள்ளிருந்து கண்டவர். காற்றுக்கேற்பத் திரும்புவோர்க்கும் பேராசைக்காரர்க்கும் அவர் பிரபுப் பட்டங்கள் சூட்டியிருப்பது தற்செயலன்று. ஈ. பி. தொம்சன் 1963இல் வெளியிட்ட ஆங்கிலத் தொழிலாளி வர்க்க வரலாற்றில், அவ்வியக்கத்தின் மூல நூல்களாகத் தோமஸ் பெயினின் மனித உரிமை நூலோடு இதனையும் வைத்து எண்ணியதன் காரணம் இதுவே.

ஆயின் எம்மை ஆழமாகப் பாதித்தது சந்தேகக் கோட்டைப் பகுதியே. வழிதவறிய கிறிஸ்தியானையும் அவன் தோழன் நம்பிக்கையையும் அவநம்பிக்கை என்னும் அரக்கன் இருட்டறையில் அடைத்து, நாட்கணக்காக அடித்து, தற்கொலை செய்துகொள்ளுமாறு ஏவுகிறான். கிறிஸ்தியான் இணங்கும் நிலைக்கு வந்துவிடுகிறான். தோழன் அவன் கடந்துவந்த இடர்களை ஒவ்வொன்றாக நினைவூட்டித் தடுக்கிறான். இரவெல்லாம் செபித்தபின், வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மார்பிலேயே கிடப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. இங்கே அற்புதம் ஏதும் நிகழவில்லை. சாவி முன்னமே அவனிடமிருந்தது. தோழனின் பேச்சு இல்லையெனில் அதைத் தேட அவன் உயிரோடு இருந்திருக்கமாட்டான். சாவி கிடைத்த பின்னரும் வெளி இரும்புக் கதவின் பூட்டு இலகுவில் இணங்கவில்லை. வருந்தியே திறக்க வேண்டியிருந்தது. உழைப்பை விசுவாசத்துக்கு மாற்றாகவோ விசுவாசத்தை உழைப்புக்கு மாற்றாகவோ பனியன் வைக்கவில்லை.

குறையும் உண்டு. கதையின் தொடக்கத்திலே கிறிஸ்தியான் மனைவி மக்களின் கூக்குரல் கேளாதவாறு காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். தன் ஆன்மாவை மட்டும் காத்துக்கொள்ளும் இத்தனிமனித ஈடேற்றத்தை நாம் ஏற்பதற்கில்லை. பனியனுக்கும் அது நிறைவளிக்கவில்லை போலும். 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், விடப்பட்ட மனைவியும் மக்களும் கூட்டமாகப் புறப்படுகின்றனர். ஊன்றுகோலில் நடப்பவரும் மனந்தளர்ந்தவரும் அக்கூட்டத்திற் சேர்கின்றனர். வலியோர் மெலியோருக்காகத் தாமதிக்கின்றனர். சந்தேகக் கோட்டையிலிருந்து அவர்கள் தப்பி ஓடவில்லை. அரக்கனைக் கொன்று, ஏழு நாட்கள் உழைத்துக் கோட்டையை இடித்து, உள்ளே எஞ்சியிருந்த கைதிகளை விடுவிக்கின்றனர். கலை நயத்தில் முதற் பாகமே மேலானது. நோக்கின் விரிவில் இரண்டாம் பாகம் ஒரு படி உயர்ந்தது.

இந்நூல் தமிழுக்கும் அந்நியமானதன்று. 1858இல் கிறிஸ்தவரான நெல்லைச் சீமைப் புலவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இதனைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியம் படைத்தார். அது 1894இல் வெளிவந்தபோது அவருக்கு அறுபத்தேழு வயது. கம்பனைக் கற்ற நாவைப் புதிய சமயத்துக்காக அவர் துறந்துவிடவில்லை, இரண்டையும் இணைத்தார். அதனாற் பெற்றது ஒரு பேரிலக்கியம். இழந்தது, சந்தையிலும் பட்டறையிலும் பனியன் கேட்டெழுதிய எளிய மனிதரின் பேச்சு. பண்டிதர்க்கு உவந்த நடை, பாத்திரம் திருத்துபவனுக்கு எட்டாத நடையாயிற்று. அவ்விழப்பை ஈடுசெய்வது இன்றைய கிறிஸ்தவ எழுத்தாளர் முன்னுள்ள பணிகளுள் ஒன்று.

எனவே அம்மாணவருக்கு எமது விடை, எழுதுக என்பதே. தம் விசுவாசத்தை அவர் மறைக்க வேண்டியதில்லை. அதன் பின்னால் ஒளியவும் வேண்டியதில்லை. கவிதை பலவீனமாயிருப்பின் பக்தியும் அதனைக் காப்பாற்றாது, கொள்கையும் காப்பாற்றாது. முதற் பாகத்திலே கோட்டையிலிருந்து தப்பிய இருவரும் உடனே ஓடிவிடவில்லை என்பதை அவர் கவனிக்கட்டும். பின்னால் வருவோர் அதே பொறியிற் சிக்காதிருக்க, பாதையோரத்தில் ஒரு தூண் நாட்டி எச்சரிக்கை பொறித்த பின்னரே நடக்கின்றனர். எழுத்தாளனின் கடமை அதுவே. அத்தூணை நாட்டுபவர் இறைவனை நம்பி நாட்டினும் மக்களை நம்பி நாட்டினும், அதனைப் படித்து வழி தப்பாது செல்பவர்க்கு இரண்டும் ஒன்றே.