கொழுவுக்குக் காசு கொடுத்தது யார்?

தமிழில் இரும்பைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு வாள் மேல் ஒரு மயக்கம். 2025 ஜனவரியில் சிவகளை காலக்கணிப்பு வெளியானபோது என் டைம்லைன் முழுக்க கி.மு. 3345 என்ற எண்தான். எவ்வளவு பழசு, யார் உருக்கினார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். யார் வாங்கினார்கள், என்ன கொடுத்து வாங்கினார்கள் என்று கேட்டவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

அந்தக் கேள்வியை இங்கிலாந்தை வைத்துக் கேட்டவர் பொருளியல் வரலாற்றாளர் பால் பைரோக். ரயில் வருவதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில் அங்கே இரும்புத் தொழிலை வளர்த்ததில் விவசாயிக்குப் பெரிய பங்கு உண்டு என்றார். கலப்பையில் இரும்பு கூடியது, உழவுக்குக் குதிரை வந்தது, குதிரைக்கு லாடம் தேய்ந்துகொண்டே இருந்தது. தேய்மானம்தான் சந்தை.

இதை நம்ம ஊருக்கு அப்படியே காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது. நம் ஏர் மரம். நுனியில் கொழு மட்டும் இரும்பு. சேற்றில் உழும் மாட்டுக்கு லாடம் வேண்டாம், வண்டி மாட்டுக்குத்தான் வேண்டும். அதைவிடப் பெரிய வித்தியாசம், விலை என்ற ஒன்றே பல இடங்களில் இல்லை.

நான் குடியிருக்கும் சென்னீர்குப்பம் பூந்தமல்லியை ஒட்டியது. இந்தப் பகுதியெல்லாம் கம்பெனிக்கு ஆற்காடு நவாப் கொடுத்த செங்கல்பட்டு ஜாகிரில் அடங்கியது. தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை அங்கே ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். விளைச்சல் பங்கு பிரிப்பதற்கு முன்னாலேயே கொல்லர், தச்சர், வண்ணார் என்று ஒவ்வொருவருக்கும் நெல் ஒதுக்கியது அதில் பதிவாகியிருக்கிறது. இதற்கு மேரை, சுதந்திரம் என்று பெயர். என் ஆபீஸ் பாஷையில் சொன்னால் ஏஎம்சி. பொருளை வாங்குவதில்லை, கூர் மழுங்கினால் தட்டிக் கொடுக்கும் ஆளை வருஷம் முழுக்க வைத்துக்கொள்வது.

இந்தக் கணக்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் தரம்பாலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1971இல் வந்த அவருடைய அறிவியல் தொகுப்பு நம் உருக்குத் தொழிலுக்கு மரியாதை தேடித் தந்தது; அந்தக் கடனை மறுக்க மாட்டேன். ஆனால் அவரைப் படித்துவிட்டு, எல்லாரும் எல்லாருக்கும் கொடுத்து வாழ்ந்த இணக்கமான கிராமம் என்று ஒரு சித்திரம் போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

பொதுக் குவியலில் இருந்து நெல் எடுத்தால், கொல்லருக்குக் கூலி கொடுத்தது யார்? அந்தக் குவியலைத் தன் உடம்பால் உண்டாக்கியவர் பண்ணையாள். மண்வெட்டியின் காம்பு பிடித்துக் கை காய்த்தது அவருக்கு. நிலத்தில் உரிமை மிராசுதாருக்கு. வரலாற்றில் ‘விவசாயி இரும்பை நுகர்ந்தார்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். பைரோக்கின் சட்டகமும் இங்கே உதவாது, கிராமப் பொற்காலக் கதையும் உதவாது. முதலாவதில் விலை கொடுத்து வாங்குகிறவர் மட்டும்தான் தெரிவார். இரண்டாவதில் பங்கு வாங்கியவர் தெரிவார், பங்கை விளைவித்தவர் மறைந்துபோவார்.

இரும்பு எவ்வளவு பழசு என்பது பெருமைக்கு உதவும். தேய்ந்த கொழுவுக்கு யாருடைய நெல் போனது என்று கேட்டால்தான் அது பொருளாதார வரலாறு ஆகும்.