சுத்தக் கர்நாடகம்

பழைய வழக்கங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவரை, ‘அவர் சுத்தக் கர்நாடகம்’ என்று சொல்லிச் சிரிப்பது நம்மவர் வழக்கம். குடுமியும் கடுக்கனும் போன பிறகும் இந்தச் சொல் போகவில்லை. கர்நாடகப் பேர்வழி என்றால் காலத்தோடு ஒத்துப்போகத் தெரியாதவர் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே கொஞ்சம் மரியாதையும் ஒளிந்திருக்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறவர் என்ற மரியாதை அது.

இந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரமான பொருத்தம் உண்டு. மேல்நாட்டுக் கர்நாடகப் பேர்வழிகளுக்கெல்லாம் மூலபுருஷராகக் கருதப்படுகிற எட்மண்ட் பர்க், தம்முடைய மிகச் சிறந்த பிரசங்கங்களில் ஒன்றைக் கர்நாடகத்தைப் பற்றியேதான் செய்தார். இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல. ஆற்காட்டு நவாபின் சீமையை அக்காலத்து ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள். ஆற்காடு, வேலூர், ஆம்பூர் எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்கப் பழமைவாதம் எங்கே போகிறது, மதநம்பிக்கைக்கும் குடும்ப ஒழுக்கத்துக்கும் அதில் இனி என்ன இடம் என்ற விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த ஆற்காட்டுப் பிரசங்கம்தான் எனக்கு நினைவு வருகிறது. அந்த விவாதத்தை நியூயார்க்கிலிருந்து பார்ப்பதைவிடப் பாலாற்றங்கரையிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது என்பது என் கட்சி.

அமெரிக்கர்களுக்கு பர்க்கைப் புதிதாக அறிமுகம் செய்து வைத்தவர் ரஸ்ஸல் கர்க். 1953-ல் வெளிவந்த அவருடைய ‘தி கன்சர்வேடிவ் மைண்ட்’ என்ற நூல் அங்கே ஒரு தலைமுறைக்கே பாடமாக அமைந்தது. கர்க், மிச்சிகன் மாகாணத்தில் மெக்காஸ்டா என்ற சிற்றூரில் வாழ்ந்தவர், பேய்க்கதைகளும் எழுதியவர். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அவரிடம் கொஞ்சம் பங்காளிப் பாசம் உண்டு. பர்க்கிலிருந்து தொடங்கி ஒரு வம்சாவளியை வரைந்து, அந்த மரபுக்கு ஆறு கொள்கைகள் என்று அவர் வகுக்கிறார். மனிதன் போட்ட சட்டத்துக்கு மேலே ஒரு தெய்வ நியதி உண்டு என்பது முதல் கொள்கை. வழக்கத்தில் மதிப்பு, சொத்துரிமை, அவசரப்படாத மாற்றம் ஆகியவை அதற்குப் பின்னால் வருகின்றன.

நூல் கம்பீரமானதுதான். ஆனால் வம்சாவளி எழுதுகிறவர்களுக்கு இயல்பாக உள்ள குறை இதற்கும் உண்டு. தாத்தாவின் படத்துக்கு மாலை போடுவதில் உள்ள சிரத்தை, தாத்தா வைத்துவிட்டுப் போன நிலத்தின் வரப்பைச் சுற்றிப் பார்ப்பதில் இல்லை. யந்திர நாகரிகத்தைக் கர்க் கண்டிக்காமல் இல்லை. என்றாலும் அவருடைய நூலில் மரபு என்பது பெரும்பாலும் ஓர் எண்ணமாகவே நடமாடுகிறது. ஆற்காட்டுப் பிரசங்கத்தில் மரபு என்பது மண்ணும் தண்ணீருமாக இருக்கிறது.

பிரசங்கத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவாபு முகம்மது அலி வாலாஜா, கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே பெரும் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். வாலாஜாபேட்டைக்கு அவர் பெயர்தான். கடனில் எது மெய், எது பொய் என்று விசாரிக்காமலே, கர்நாடகத்து வரிப்பணத்திலிருந்து அதைத் தீர்த்துவிடலாம் என்று லண்டனில் பிட்டின் அரசாங்கம் முடிவு செய்தது. 1785 பிப்ரவரி 28-ம் தேதி, பார்லிமெண்டில் பர்க் அதை எதிர்த்துப் பேசினார். ஓட்டெடுப்பில் அவருடைய கட்சி தோற்றது. பேச்சு மட்டும் நின்றது.

இந்தப் பேச்சில் எல்லாரும் சிலாகிக்கிற இடம் ஒன்று உண்டு. 1780-ல் ஹைதர் அலி மலைகளிலிருந்து இறங்கி வந்து நாட்டைச் சூறையாடிய வர்ணனை அது. இடியும் மின்னலும் நெருப்பும் புகையுமாக ஒரே ஆரவாரம். எனக்கு அந்தப் பகுதி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பெரிய நடிகர் உரத்த குரலில் வசனம் பேசுவது போல இருக்கிறது. குரல் காதில் நிற்கிறதே தவிர, செத்தவர்களின் முகம் கண்ணில் நிற்பதில்லை.

அதே பேச்சில், ஆரவாரம் ஓய்ந்த பிறகு வேறொரு பகுதி வருகிறது. பர்க் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்திருந்த பகுதியின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அதிலுள்ள ஏரிகளை எண்ணியிருக்கிறார். அந்த ஒரு பகுதியிலேயே 1,100-க்கு மேல். இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரி வரை. கர்நாடகத்தையும் தஞ்சையையும் சேர்த்தால் பெரியதும் நடுத்தரமுமாக 10,000-க்குக் குறையாது என்று சொல்கிறார். வீட்டு உபயோகத்துக்கும் ஸ்நான அனுஷ்டானங்களுக்கும் வெட்டிய குளங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்றும் சொல்கிறார். இவற்றை வெட்டிய அரசர்கள், இன்னும் பிறக்காத சந்ததியைத் தம் சொந்தப் பிள்ளைகளாக நினைத்து உயில் எழுதி வைத்தவர்கள் என்பது அவர் கருத்து. வரிப்பணம் முழுவதும் கடன்காரன் பைக்குப் போனால் கரையை உயர்த்தவும் தூர் எடுக்கவும் பணம் ஏது? கரை உடைந்தால் விளைச்சல் ஏது? விளைச்சல் இல்லாவிட்டால் அடுத்த வருஷத்து வரிதான் ஏது?

இங்கேதான் பர்க் எழுத்தாளராக உயர்கிறார். ஹைதர் பகுதியில் முதலில் உணர்ச்சி வருகிறது; விஷயம் பின்னால் ஓடி வருகிறது. ஏரிப் பகுதியில் முதலில் எண்ணிக்கை. உணர்ச்சி அதிலிருந்து தானாகக் கசிகிறது. இதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1790-ல், பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி அவர் எழுதிய நூல்தான் பழமைவாதிகளுக்கு வேதம். அந்த நூலில், இருப்பவர், இறந்தவர், இனிப் பிறப்பவர் என்ற மூன்று தலைமுறைக் கூட்டாகச் சமூகத்தைக் காண்கிறார். அதற்கு வித்து இந்த ஏரிகளில் இருக்கிறது. நம்முடைய பக்கத்தில், ஊரார் கூடி ஏரிக்கும் கால்வாய்க்கும் செய்கிற பராமரிப்புக்குக் குடிமராமத்து என்று பெயர். பர்க்கின் அரசியலுக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கச் சொன்னால் நான் குடிமராமத்து என்றே வைப்பேன்.

அவர் எண்ணிய சீமையின் இன்றைய கதை என்ன? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசாங்கம் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் செருப்புக்கும் ஊக்கம் கொடுத்தது. குரோமிய உப்பு எங்கும் பரவியது. அந்நியச் செலாவணி வந்தது. கழிவு நீர் பாலாற்றுக்கும் ஏரிக்கும் கிணற்றுக்கும் போயிற்று. 1991-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி வந்த தீர்ப்பு, ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாவதைச் சொல்கிறது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக ஓர் ஆய்வையும் எடுத்துக்காட்டுகிறது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது அந்தத் தீர்ப்பு. அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30-ம் தேதி, அதே பாலாற்றைப் பற்றி அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது.

இந்த ஊர்களில் தெய்வ நம்பிக்கைக்குக் குறைவே இல்லை. 1919-லேயே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி இருக்கிறது. அமெரிக்கப் பாதிரிக் குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கட்டர் 1900-ல் தொடங்கிய வைத்தியசாலை பெரிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. தோல் வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்கும் தொழுகைக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பக்தி வேஷம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. ஆனால் இஸ்லாத்தில் ஒளு செய்யத் தூய நீர் வேண்டும். இந்துவின் ஸ்நானத்துக்கும் கிறிஸ்தவரின் ஞானஸ்நானத்துக்கும் நீர் வேண்டும். பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காத்துத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை முஸ்லிம்கள் அமானிதம் என்கிறார்கள். தண்ணீரைவிடப் பெரிய அமானிதம் எது? வலது கையால் கொடுத்த தர்மம், இடது கை திறந்துவிட்ட கழிவை வடிகட்டாது.

இதற்கு மறுபக்கம் உண்டு. அதை மறைத்தால் நானும் ஹைதர் வர்ணனை எழுதியவனாகிவிடுவேன். பர்க் எண்ணிய ஏரிகளில் எல்லாரும் இறங்கித் தண்ணீர் மொள்ள முடிந்ததா? சேரி ஜனங்களை ஊர்க் கிணற்றுப் பக்கம் அண்டவிடாத மரபும் அந்தச் சீமையின் மரபுதான். லண்டனிலிருந்து பார்த்த வரைபடத்தில் அந்தக் கோடு தெரியாது. தோலைத் தொட்டவன் என்று யாரை ஊர் ஒதுக்கியதோ, அவனுக்குத் தோல் ஷாப்பு தினக்கூலி கொடுத்தது. பண்ணையார் வாசலில் நிற்காமல் பிழைக்க வழி செய்தது. இன்று ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மாதச் சம்பளம் என்பது சிறிய விஷயம் அல்ல. ஆகவே பழைய ஏரி புண்ணியம், புதிய ஆலை பாவம் என்று கணக்கை முடித்துவிட முடியாது. எதைக் காப்பது, எதை உடைப்பது என்று தெரிவதுதான் மரபைக் காக்கிறவனுக்கு வேண்டிய முதல் புத்தி. ஏரிக் கரையைக் காக்க வேண்டும். கரையின்மேல் போட்ட சாதி வேலியைப் பிடுங்க வேண்டும். நம்முடைய வைதிகர்கள் பல காலம் வேலியைக் காத்துக்கொண்டு கரையைக் கோட்டை விட்டார்கள்.

அமெரிக்கப் பழமைவாதத்தின் நோயும் இதுவே. தெய்வம், குடும்பம், ஊர் என்று பேசியவர்களும், சந்தைக்குத் தடையே கூடாது என்றவர்களும் 1950-களில் கம்யூனிஸத்துக்குப் பயந்து ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். மேடையில் பேசியது தெய்வத்தைப் பற்றி. கணக்குப் புத்தகம் மட்டும் சந்தைக்காரனிடம் இருந்தது. 2018-ல் பாட்ரிக் டெனீன் ‘ஒய் லிபரலிஸம் ஃபெயில்ட்’ என்ற நூலில், கட்டற்ற சந்தையும் கட்டற்ற தனிமனிதனும் ஒரே வேரில் முளைத்தவை என்று வாதாடினார். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அங்கே ஆட்சிக்கு வந்த புதிய பழமைவாதம், சந்தையைத் திருத்தப் புறப்பட்டு முதலில் தூக்கியது சுங்கக் கோலை. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி விழுந்தபோது ஆம்பூர்க்காரர்களுக்கு அமெரிக்கப் பழமைவாதம் புரிந்தது, புத்தகமாக அல்ல, ரத்தான ஆர்டராக. இதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த நிக்ஸன்தான் 1970-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென்று அங்கே தனி இலாகா அமைத்தார் என்பதை அந்தக் கட்சியில் இன்று எத்தனை பேர் பெருமையாகச் சொல்கிறார்கள்?

மதத்தைக் கைவிட்டால் பழமைவாதம் பிழைக்குமா என்று அங்கே கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் கேள்வியே தவறு. நம்பிக்கை இல்லாதவன் பேரனுக்காக ஏரி வெட்டமாட்டான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தன் கண்ணால் காணப்போகாத அறுவடைக்காக மண் சுமக்க ஏதோ ஒரு நம்பிக்கை வேண்டும். ஆனால் நம்பிக்கை இருக்கிறதா என்பதை ஜபத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கரையைப் போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பழமைவாதிகள் தங்கள் மூலபுருஷர் எண்ணிய மாதிரி, தங்கள் ஊர் ஆறுகளையும் மண்ணையும் பள்ளிக்கூடங்களையும் எண்ண உட்கார்ந்தார்களானால் அவர்களுக்கு எதிர்காலம் உண்டு. எண்ண மாட்டோம், பெருமை மட்டும் பேசுவோம் என்றால், விசாரிக்காமலே கடனைத் தீர்க்கச் சொன்ன பிட்டின் பக்கம்தான் அவர்கள் நிற்கிறார்கள்; பர்க்கின் பக்கம் அல்ல. பாலாற்றுக் கரையில் வாழும் நமக்கும் இதே கணக்குத்தான்.