விழப் பயப்படாத விமானம்

ரிமோட் விமானச் சண்டையில் ஜெயிப்பது பெரும்பாலும் மலிவான விமானம்தான். கேட்க விந்தையாக இருக்கலாம். ஆட்டத்தின் விதியைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

ஒவ்வொரு விமானத்தின் பின்னாலும் கிரேப் காகித ரிப்பன் ஒன்று நீளமாக ஓடும். அமெரிக்கப் போட்டிகளில் அதன் நீளம் 30 அடி. எதிராளியின் ரிப்பனை அறுக்க வேண்டும், நம் ரிப்பனைக் காப்பாற்ற வேண்டும். வெட்டுக்குப் புள்ளி உண்டு. வானில் நிற்கும் நேரத்துக்கும் உண்டு. அறுக்க வேண்டுமானால் எதிராளியின் முதுகை ஒட்டிப் போக வேண்டும். ஒட்டிப் போனால் என்றைக்காவது மோதும். மோதலுக்கு அஞ்சுகிற கை ஸ்டிக்கை அரை நொடி முன்னதாகத் திருப்பிவிடும், ரிப்பன் தப்பிவிடும். விமானத்தின் விலை எவ்வளவோ, தயக்கமும் அவ்வளவு.

நமக்கு இது அந்நியமான ஆட்டம் இல்லை. வடசென்னை மொட்டை மாடிகளில் காற்றாடிச் சண்டை போட்டவர்களுக்கு, எப்போது நூலை விடுவது, எப்போது இழுப்பது, காற்று எந்தப் பக்கம் என்ற கணக்கெல்லாம் அத்துபடி. அறுந்து போனால் அடுத்த காற்றாடியைக் கையில் எடுக்கும் மனசும் அவர்களுக்கு உண்டு. ஆனால் மாஞ்சா நூல் சாலையில் போனவர்களின் கழுத்தை அறுத்தது. குழந்தைகளின் உயிரையும் வாங்கியது. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. அந்தத் தடை சரியானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் வருத்தம் வேறு. அந்தத் திறமைக்கு மாற்றுக் களம் ஒன்றை நாம் அமைத்துக் கொடுக்கவில்லை. நுரை விமானமும் காகித ரிப்பனும் அந்தக் களமாக முடியும்.

இந்தச் சண்டையின் மூத்த வடிவம், விமானத்தைக் கம்பியில் பிடித்து வட்டமாகச் சுற்றவிடும் கன்ட்ரோல் லைன். உலக விமான விளையாட்டுக் கூட்டமைப்பு எஃப்2டி என்ற பிரிவில் அதற்கு உலகச் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. ஏறத்தாழ 16 மீட்டர் கம்பி, 2.5 சிசி எஞ்சின், நான்கு நிமிடச் சுற்று, வெட்டுக்கு 100 புள்ளி. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் விமானங்களை 1:12 அளவில் செய்து மோதவிடுகிறார்கள். பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் வடிவம் வேறு.

பால்சா மரத்தை இழைத்து, எஞ்சின் பொருத்தி, வாரக்கணக்கில் உழைத்த விமானத்தை மோதவிட யாருக்கு மனசு வரும்? 1990-களுக்குப் பிறகு இரண்டு பொருள்கள் நிலைமையை மாற்றின. ஒன்று, விளம்பரப் பலகை செய்யும் வரிவரியான பிளாஸ்டிக் அட்டை. நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடைகளில் சன்பேக் ஷீட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதையும் பிவிசி குழாயையும் வைத்து ‘ஸ்பேட்’ என்ற பெயரில் அமெரிக்காவில் சண்டை விமானங்கள் செய்தார்கள். மற்றது இபிபி நுரை. தெர்மகோல் அடிபட்டால் உதிரும். இபிபி நசுங்கி மறுபடி நிமிரும். கார் பம்பருக்குள் வைப்பதும் அந்த வகை நுரைதான். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஸாகி என்ற 48 அங்குல வாலில்லா விமானம் இந்த நுரையின் துணையோடு மலைச்சரிவுச் சண்டையைப் பிரபலமாக்கியது. அங்கே ரிப்பன்கூட இல்லை. இடித்துத் தள்ள வேண்டியதுதான். விழுந்தவர் எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி எறிவார்.

இதே வடிவத்தில் மோட்டார் வைத்துச் செய்யும் செலவைப் பார்ப்போம். பெரிய செலவு கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர். ரிசீவரோடு நான்காயிரம், ஐந்தாயிரம் ஆகும். ஆனால் அது வானத்திலிருந்து விழுவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ஒன்பது கிராம் நீலச் சர்வோ நூறு, நூற்றைம்பது ரூபாய். அப்படி இரண்டு வேண்டும். மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்ந்து ஆயிரத்துக்குள் அடங்கும். மோட்டார் பின்னால் இருப்பதால் முட்டலில் அதற்கு அடி குறைவு. தினமும் உடையப்போவது இறக்கைதான். அதற்கான நுரை, டேப், பசை எல்லாம் சில நூறு ரூபாய். உடைகிற பொருள் மலிவாகவும், விலை உள்ள பொருள் உடையாத இடத்திலும் இருப்பதுதான் இந்த வடிவமைப்பின் சாமர்த்தியம்.

செய்முறையில் ஒரு இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். நுரைக் கட்டையின் இரு முனையிலும் ஒட்டுப்பலகையில் வெட்டிய இறக்கை வடிவ அச்சைக் குத்தி வைக்கிறோம். வில்லில் இழுத்துக் கட்டிய நிக்ரோம் கம்பியைச் சூடேற்றி, அந்த அச்சின் விளிம்பை உரசியபடி நகர்த்துகிறோம். இறக்கை அடியில் அகலம், நுனியில் குறுகல். அதனால் அடியில் பிடித்திருப்பவர் வேகமாகவும் நுனியில் பிடித்திருப்பவர் மெதுவாகவும் நகர்ந்து ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். அவசரப்பட்டால் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கி, இறக்கையின் மேல் பள்ளம் விழும். இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “பாதி வந்தாச்சு, முக்கால் வந்தாச்சு” என்று குரல் கொடுத்தபடி செய்ய வேண்டிய வேலை இது. பிறகு முன்விளிம்பில் நார் ஓடும் டேப்பை ஒட்டுகிறோம். முட்டும் அடியை அதுதான் வாங்கும். பின்விளிம்பின் இரு மடிப்புகளையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கி வைக்க வேண்டும். வால் இல்லாத விமானத்தின் மூக்கைத் தூக்கிப் பிடிப்பது அந்த மில்லிமீட்டர்கள்தான்.

இப்படிச் செய்ததைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். வெயில் நாள் சென்னையோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 18 சதவீதம் குறைவு. 48 அங்குல இறக்கை, 600 கிராம் எடை என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சென்னையில் வேகம் மணிக்கு 23 கிலோமீட்டராகக் குறைந்தாலும் வானில் நிற்கும் விமானம், கொடைக்கானலில் 25-க்குக் கீழே வந்தாலே விழுந்துவிடும். இது பெரிய விஷயமில்லை. திருப்பம்தான் விஷயம். இறக்கையைக் கடைசி எல்லை வரை வளைத்தால் சென்னையில் 4.1 மீட்டர் ஆரத்தில் திரும்பும். மலையில் அது ஏறக்குறைய 5 மீட்டர் ஆகிறது. சண்டை என்பதே யார் உள்வட்டத்தில் திரும்புகிறார் என்பதுதான். சமவெளியில் எதிராளியின் வாலைப் பிடித்த அதே கை, அதே விமானம், இங்கே ரிப்பனுக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளிப் போகும்.

பழைய திருப்பம் வேண்டுமானால் எடையை 490 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும். 2200 மில்லி ஆம்பியர் பேட்டரிக்குப் பதில் 1300 போட்டால் எழுபது கிராம் போல மிச்சம். மீதியைப் பசையிலும் பெயின்டிலும் பிடிக்கலாம். ஆனால் இந்த மலை அதைவிட நல்ல வழி ஒன்றை வைத்திருக்கிறது. பழனி மலையின் தென்முகம் பெரியகுளம் பக்கம் செங்குத்தாக இறங்குகிறது. காலை வெயில் ஏறினால் பள்ளத்தாக்குக் காற்று சரிவு ஏறும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று 30 பாகைச் சரிவில் மோதினால், நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் மேல்நோக்கித் தள்ளும். இந்த விமானம் தானாக இறங்கும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். மோட்டாரே வேண்டாம்! மோட்டாரும் பெரிய பேட்டரியும் போனால் எடை 400 கிராம் அளவுக்கு வரும். திருப்ப ஆரம் 3.3 மீட்டராகச் சுருங்கும். செலவும் குறையும். காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் இந்த லேசான எடை எதிரியாகும், விமானம் பின்னால் தள்ளப்படும். அன்றைக்கு எடை மையத்தில் கொஞ்சம் ஈயம் வைத்துக்கொள்ளலாம்.

எங்கே பறக்கவிடுவது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு எல்லாம் கூட்டம் நிற்கும் இடங்கள்; அங்கே கூடவே கூடாது. பறத்தல் கணக்கிலும் செங்குத்துப் பாறை விளிம்பு மோசம். விளிம்புக்குப் பின்னால் காற்று சுருண்டு தரையிறங்கும் விமானத்தை அடித்துப் போடும். பள்ளத்தில் விழுந்ததை எடுக்கவும் முடியாது. உருண்டு இறங்கும் புல்சரிவுதான் சரி, மன்னவனூர்ப் பக்கம் உள்ளது மாதிரி. அதற்கு நில உரிமையாளரோ வனத்துறையோ அனுமதி கொடுக்க வேண்டும். 2013-ல் இந்த மலையின் ஒரு பெரிய பகுதி வனவிலங்குச் சரணாலயம் ஆனது. காட்டுமாடு மேயும் இடத்தில் ஆட்டமே இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கே கட்டுப்பாடு உள்ள மலையில் நுரைத்துண்டு ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. உடைந்ததை எடுத்துக் காட்டாதவருக்குச் சுற்றின் புள்ளியே கிடையாது என்று விதி போட வேண்டும் என்பேன். சட்டத்தில் இடம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகள், கண்பார்வைக்குள் பொழுதுபோக்காகப் பறக்கவிடும் மாதிரி விமானத்தைத் தனியாகவே வரையறுக்கின்றன. ஆனாலும் எந்த இடமானாலும் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட்டே ஏற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு ஆள் பஞ்சம் இல்லை. குரோம்பேட்டை எம்ஐடியின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்தபோது, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தப் பெருமை ட்ரோனோடு நின்றுவிட்டது. கையால் வெட்டிய நுரை இறக்கையோடு பள்ளி மாணவர்கள் மோதும் போட்டி ஒன்றை இந்த மலையில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்படி நடந்தால் என் கணிப்பு இது. சென்னையிலிருந்து மோட்டார் விமானத்தோடு ஒருவர், மன்னவனூரிலிருந்து மோட்டார் இல்லாத விமானத்தோடு ஒருவர். காலை பத்து மணிக்குச் சரிவில் காற்று ஏறிய பிறகு ஆட்டம் தொடங்கினால் முதல் சுற்று மலைக்காரருக்குத்தான். உள்வட்டம் அவர் கையில் இருக்கும். இடையில் காற்று ஓய்ந்தால் நிலைமை அப்படியே திரும்பும்; மோட்டார் உள்ளவர் மேலே ஏறிக் காத்திருந்து இறங்குவார். எப்படியானாலும், இரண்டாம் சுற்றுக்குள் சென்னைக்காரர் சின்ன பேட்டரிக்கு மாறியிருப்பார்.