'த பீச்': வரைபடத்தை நகலெடுத்தது யார்?

அலெக்ஸ் கார்லண்ட் 1996-ல் எழுதிய 'த பீச்' நாவலை முதுகுப்பையோடு தீவு சுற்றும் இளைஞர்களின் சாகசக் கதை என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோணலை.

தாய்லாந்தில் ரிச்சர்டுக்கு ஒரு ரகசியத் தீவின் வரைபடம் கிடைக்கிறது. புதிதாகப் பழகிய பிரெஞ்சு ஜோடியோடு கிளம்புகிறான். அதற்கு முன் வரைபடத்தை நகலெடுத்து வேறு இருவருக்கும் கொடுத்துவிடுகிறான். நாவலின் முடிச்சே இதுதான். யாரும் போகாத இடத்துக்குப் போகணும். ஆனா அதை நாலு பேரிடம் சொல்லாமலும் இருக்க முடியாது. அழிவு அங்கேதான் ஆரம்பிக்குது.

டேனி பாயில் 2000-ல் எடுத்த படத்திலும் இது இருக்கு. ஆனா படப்பிடிப்புக்காக பி பி லே தீவின் மாயா வளைகுடாவில் மணல்மேட்டைச் சமன்செய்து தென்னை நட்டார்கள். அது வழக்காகி, பல வருடம் கோர்ட்டில் இழுத்தது. படத்தால் புகழ்பெற்ற கடற்கரையில் கூட்டம் படகு படகாக வந்து இறங்கியது. பவளப்பாறைகள் சேதமாகி, 2018-ல் மூடினார்கள். 2022-ல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள்.

படத்தின் குறையாகப் பலரும் நடிப்பையும் திரைக்கதையையும் சொல்வார்கள். என் புகார் வேற. ரிச்சர்ட் இரண்டு பேருக்குக் கொடுத்த வரைபடத்தை இந்தப் படம் உலகத்துக்கே கொடுத்துவிட்டது.